பேண்ட் சைஸும் செங்கைல் சணல் மில்லும்

கொல்கத்தா வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஆபீஸ் கேண்டீனில் பக்கத்து சீட் வங்காளி நண்பர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என்ன தாதா, நோவாபாதி பூரி வந்துடுச்சே" என்றார். நானும் ஏதோ புது டிபன் ஐட்டம் போல என்று, "எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். மொத்த மேஜையும் சிரித்தது. அப்புறம்தான் விளக்கம் வந்தது. அவர்கள் மொழியில் பூரி என்றால் தொப்பை. நோவாபாதி என்றால் வழுக்கை அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்த இளநீர். அதாவது லேசாக எட்டிப் பார்க்கும் தொப்பை. நம்ம பூரிக்கும் அவங்க பூரிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பது எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு :-)

இந்தப் பதிவு என் தொப்பையைப் பற்றி இல்லை. எடை, நடை, சாப்பாடு மூன்றுக்கும் என்ன உறவு என்று மனிதர்கள் கண்டுபிடித்த கதை. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம ஊர் ரயில் தினமும் கடந்து போகிற ஒரு சின்ன ஸ்டேஷனில் நடந்திருக்கிறது. நடுவில் என் அப்பாவும் வருவார். அவர் இல்லாவிட்டால் நான் இதையெல்லாம் தேடிப் படித்திருக்கவே மாட்டேன்.

லண்டன் பஸ்ஸில் ஆரம்பம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பிரிட்டனில் மாரடைப்பால் சாகிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர், ஒருவேளை பார்க்கிற வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று யோசித்தார். அதைச் சோதிக்க அவர் பிடித்த ஆட்கள் யார் தெரியுமா? லண்டன் மாடி பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும்.

நல்ல ஜோடிதான். ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பப் பின்னணி, ஒரே பஸ், ஒரே ஊர்ப் புகை. வித்தியாசம் ஒன்றுதான். டிரைவர் ஷிப்டில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி டிக்கெட் கிழிப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். சுமார் 31,000 ஊழியர்களின் கணக்கைப் பார்த்து 1953-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். இதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் தாமதமாக, கொஞ்சம் லேசாக வருகிறது. தபால் துறையிலும் அதே கதை. நடந்தோ சைக்கிளிலோ தபால் கொண்டுபோகிறவருக்குக் குறைவு, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்குக்கு அதிகம்.

எனக்குப் பிடித்தது இதற்கு மூன்று வருஷம் கழித்து, 1956-ல் வந்த இன்னொரு கட்டுரை. மாரிஸ் குழு இந்த முறை ஆளைக்கூட அளக்கவில்லை. யூனிபார்ம் தைக்கும் இடத்துக்குப் போய் பேண்ட் இடுப்பளவுக் கணக்கை எடுத்தார்கள்! தையல்காரர் பொய் சொல்ல மாட்டார் இல்லையா. டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களின் இடுப்பைவிட பெரிசு. இளவயசிலும் அப்படித்தான், வயசானவர்களிலும் அப்படித்தான்.

உடனே ஒரு கேள்வி வந்தது. ஒருவேளை கொஞ்சம் குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குச் சேருகிறார்களோ? உட்காருவதால் குண்டா, குண்டாக இருப்பதால் உட்காருகிற வேலையா? நியாயமான கேள்வி. பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதில் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே காட்டின. ஆனால் மாரிஸ் குழு 1966-ல் இன்னொன்றைச் சொன்னது. ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எந்த உடல்வாகை எடுத்துக்கொண்டாலும், திடீர் மாரடைப்புச் சாவு கண்டக்டர்களுக்குக் குறைவு. தொப்பை மட்டும் பிரச்னை இல்லை, நடக்காததும் தனியாக ஒரு பிரச்னை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாரிஸ் 2009-ல்தான் இறந்தார். வயது 99. சொன்னதைச் செய்து காட்டிய மனிதர்.

செங்கைல் ஸ்டேஷன்

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் வந்தவர்களுக்குத் தெரியும். கரக்பூர் தாண்டி, உலுபேரியா தாண்டியதும் பெட்டிகளை எல்லாம் சீட்டுக்கு அடியிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிடுவோம். அந்த அவசரத்தில் ஜன்னல் பக்கம் ஓடி மறையும் ஒரு சின்ன ஸ்டேஷன், செங்கைல். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். பல வருஷம் அந்தப் பலகையைப் பார்த்தும் பார்க்காமலும் போயிருக்கிறேன்.

இங்கே லட்லோ என்று ஒரு சணல் மில். வங்காளிகள் சணல் மில்லை சட்கல் என்பார்கள். ஹூக்ளி கரை மில்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் கையில் இருந்த காலத்தில், இது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கம்பெனி ஒன்று நடத்திய மில். அந்த மாநிலத்தில்தான் ஹார்வர்டும் இருக்கிறது. ஹார்வர்டில் ஜான் மேயர் என்று ஒரு பிரெஞ்சுக்கார உணவியல் பேராசிரியர். 1920-ல் பாரிஸில் பிறந்தவர், ஹிட்லருக்கு எதிராகப் போரில் சண்டை போட்டவர். பசி எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி.

மேயர் முதலில் எலிகளை வைத்துப் பார்த்தார். 1954-ல் வெளியான சோதனை. எலிகளைத் தினமும் வெவ்வேறு நேரம் ஓடவிட்டார். அதிக நேரம் ஓடுகிற எலி அதிகம் சாப்பிட்டது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கொஞ்ச நேரம், ஒரு மணிநேரம் வரைக்கும் ஓடின எலிகள், ஓடவே ஓடாமல் கூண்டில் கிடந்த எலிகளைவிட அதிகம் சாப்பிடவில்லை. சும்மா கிடந்ததுகள் எடை போட்டன.

எலிக்குச் சரி, மனுஷனுக்கு? ஒரே மாதிரி சாப்பிடுகிற, ஆனால் வேலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள கூட்டம் வேண்டும். செங்கைல் மில்லில் அது கிடைத்தது. மில் வாசலில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள், சூபர்வைசர்கள், மேஜை கிளார்க்குகள், தினமும் சில மைல் நடந்து வேலைக்கு வரும் கிளார்க்குகள், மெக்கானிக்குகள், தறிக்காரர்கள், கொல்லர்கள், கரி அள்ளுபவர்கள், சுமை தூக்குபவர்கள். மொத்தம் 213 பேர். ராய், மித்ரா என்ற இரண்டு வங்காளிகளோடு சேர்ந்து, இவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன எடை இருக்கிறார்கள், எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுத்து 1956-ல் கட்டுரையை வெளியிட்டார் மேயர். மாரிஸின் பேண்ட் கட்டுரை வந்த அதே வருஷம்.

முடிவு என்ன? லேசான வேலையிலிருந்து கடுமையான வேலைவரை, வேலை ஏற ஏறச் சாப்பாடும் ஏறியது. எடை பெரிதாக மாறவில்லை. வரவும் செலவும் சரிக்குச் சரி. உடம்பு தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டது.

வேலையின் மறு கோடிக்குப் போங்கள். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களுக்குச் செலவு குறைவு, அதனால் சாப்பாடும் குறைய வேண்டும் இல்லையா? குறையவில்லை. கூடியது! கடையில் உட்கார்ந்திருந்தவர், மூட்டை தூக்குகிறவர் சாப்பிடும் அளவை ஏறக்குறைய எட்டிப் பிடித்தார். அவர் எடை மற்றவர்களைவிட பல கிலோ அதிகம்.

அதாகப்பட்டது, பசி என்கிற மீட்டர் ஓரளவு நடமாட்டம் இருந்தால்தான் சரியாக ஓடுகிறது. அதற்குக் கீழே போனால் மீட்டர் பழுது. செலவு குறைந்தாலும் பசி குறையாது. மேயர் சொன்னது இதைத்தான்.

கடைக்காரருக்குக் கையில் காசு உண்டு, கைக்கெட்டும் தூரத்தில் தின்பண்டமும் உண்டு, கரி அள்ளுகிறவருக்கு இரண்டும் இல்லை. அதனால் உட்கார்ந்தது மட்டும்தான் காரணமா என்று ஒருத்தர் கேட்டால், இந்த 213 பேரை வைத்து மட்டும் பதில் சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் எடுத்த போட்டோ மாதிரியான கணக்கு அது. ஆனாலும் இன்றுவரை பசி ஆராய்ச்சி செய்கிறவர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இந்தச் செங்கைல் கட்டுரை.

அப்பா

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். தென்காசி, திருநெல்வேலி பக்கம். லண்டன் மாதிரி மாடி பஸ் இல்லை. ஆனால் முகூர்த்த நாள் கூட்டத்தில் முன் படியிலிருந்து பின் படிவரை ஆளைப் பிளந்துகொண்டு போய் டிக்கெட் போடுவதற்கு 750 படி ஏறுவதே மேல். ராத்திரி வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால், அம்மா வைக்கிற சோற்றுக்குக் கணக்கே கிடையாது. ரிட்டயர் ஆகும்போது 58 கிலோ. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.

அம்மா போனபிறகு 2017-ல் அவரை இங்கே அழைத்து வந்தேன். நாலாவது மாடி பிளாட். பாஷை தெரியாது. ரோட்டைக் கடக்கப் பயம். லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் உண்டு, ஆனால் பஸ் ஏறிப் போக வேண்டும். பஸ்ஸிலேயே வாழ்ந்த மனுஷன் பஸ் ஏறத் தயங்கினார். நாளெல்லாம் டிவி. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவோம். பாவம் என்று வாரத்தில் மூன்று நாள் சந்தேஷ், மிஷ்டி தோய் வாங்கி வருவேன். பாசத்தை நாம் அப்படித்தானே காட்டுகிறோம்.

ஒன்றரை வருஷத்தில் 69 கிலோ. ரத்தப் பரிசோதனையில் சுகர்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சாப்பாட்டு மேஜையில் அவரை எண்ண ஆரம்பித்தேன். "போதும்ப்பா", "இன்னொரு தடவை சோறா?", "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டே விட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பசிக்குதேடா" என்றார்.

நான் நம்பவில்லை. வேலையே செய்யாதவருக்கு எப்படிப் பசிக்கும், நாக்கு ருசிக்குத்தான் கேட்கிறது என்று நினைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மிக்சர் டப்பாவைச் சத்தமில்லாமல் திறக்கிற சத்தம் கேட்டது. எழுபது வயசை நெருங்கும் மனுஷனைத் திருட வைத்துவிட்டேன்.

மேயர் கட்டுரையை நான் படித்தது அதற்குச் சில மாதம் கழித்து. சுகர் பற்றித் தேடும்போது 'செங்கைல்' என்ற பெயரைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். அட, நம்ம ரயில் போகிற ஊராச்சே! படித்து முடித்ததும் அப்பாவின் அந்த ஒரு வார்த்தை நினைவுக்கு வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பசித்திருக்கிறது. கண்டக்டரை ஒரே நாளில் டிரைவர் சீட்டில், ஏன், கடைக்காரர் திண்ணையில் உட்கார வைத்தது நான். மீட்டர் பழுதானதற்கு அவரைத் திட்டியதும் நான்.

அப்போ நடந்தால் போதுமா?

போதாது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன்.

சின்னக் கணக்கு. 70 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 50 கலோரி செலவாகும். நாலு கிலோமீட்டருக்கு 200. ஒரு ரசகுல்லாவில் 100 கலோரிக்கு மேல் இருக்கும். ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, வெளியே வந்து இரண்டு ரசகுல்லாவும் ஒரு டீயும் அடித்தால் கணக்கு நேர். நஷ்டமும் வரலாம் :-)

இன்னொரு இடியும் உண்டு. தான்சானியாவில் ஹட்சா என்கிற வேட்டையாடும் மக்கள் இருக்கிறார்கள். தினமும் பல மைல் நடப்பவர்கள். ஒரு நாளைக்கு அவர்கள் மொத்தமாக எவ்வளவு கலோரி செலவழிக்கிறார்கள் என்று அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துவிட்டுப் பார்த்தால், மேல்நாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் செலவழிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை! நடைக்குச் செலவானதை உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடித்து ஈடுகட்டிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ஆகவே நடந்து நடந்து கொழுப்பை எரித்துத் தள்ளிவிடலாம் என்பது பெரும்பாலும் கனவு. எடை இறங்குவது முக்கியமாகத் தட்டில்தான்.

அப்போ எதற்கு நடக்க வேண்டும்? பதில் சென்னையில் இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த ஆய்வு, 2006-ல் வெளியானது. சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேர். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்குத் தினமும் அரை மணி நேரமாவது நடப்பது, இனிப்பு, எண்ணெய் குறைப்பது என்று தொடர்ந்து வழிகாட்டல். மற்ற இரண்டு குழுக்களில் மாத்திரையும் உண்டு. மூன்று வருஷம் பார்த்தார்கள். சும்மா விட்ட குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்தது. நடை, உணவுக் குழுவில் 39.3 சதவீதம். மாத்திரை சேர்த்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். இதில் அதிசயம், நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! எடை மெஷின் முள் அசையவில்லை, ஆனால் உள்ளே வியாதி தள்ளிப்போனது.

மாரிஸ் கண்டக்டர்களை ஞாபகம் இருக்கிறதா? ஒல்லியோ குண்டோ, நடந்தவனுக்கு லாபம். ஐம்பது வருஷம் கழித்து, வேறு நாட்டில், வேறு நோயில், அதே பதில்.

நமக்கு இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் நம் உடல்வாகே ஒரு மாதிரி. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட்டில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். இருவருக்கும் உயரம், எடை விகிதம் அச்சு அசல் 22.3. உடலில் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம். நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதனால்தான் இந்தியர்களுக்கு அந்த விகிதம் 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தையல்காரர் டேப்பே போதும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பில் நாட்டில் சுகர் உள்ளவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள்.

பத்தாயிரம் அடி யார் வைத்த கணக்கு?

போனிலும் வாட்ச்சிலும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்று மிரட்டுகிறதே, அது எந்த டாக்டர் சொன்னது? யாரும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருஷம், 1965-ல், ஜப்பானில் யமாசா என்ற கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க ஆரம்பித்தது. பெயர் 'மன்போ-கெய்'. அர்த்தம் பத்தாயிரம் அடி மீட்டர். சொல்ல நன்றாக இருந்தது, ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் சங்கதி.

உண்மையில் எத்தனை அடி? அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களிடம் கருவி மாட்டிப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் சாவு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது. கூடக் கூட இன்னும் குறைந்து, 7,500 அடிவாக்கில் சமதளமாகிவிட்டது. பத்தாயிரம் முடியவில்லையே என்று ஒன்றுமே நடக்காமல் படுத்துக் கிடக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நான் சொன்னது இந்த 4,400 கணக்கைத்தான்.

நடப்பதற்கு இடமும் வேண்டும். சென்னை ஏசியாட் காலனியில் சுகர், உடற்பயிற்சி பற்றி டாக்டர்கள் சொன்னதைக் கேட்ட குடியிருப்பு மக்கள், தாங்களே பணம் திரட்டி நடப்பதற்கு ஒரு பார்க் அமைத்தார்கள். வாரம் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் 14.2 சதவீதம். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் 58.7 சதவீதம். வெறும் உபதேசத்தால் வராதது ஒரு நடைபாதையால் வந்தது.

மென்று தின்னவர் கதை

சாப்பாட்டுக்கு வருவோம். பசி மீட்டர் பழுதென்றால் கண்ணும் புத்தியும்தான் காவல் இருக்க வேண்டும். கவனித்துச் சாப்பிடுவது என்பது இதுதான். புது சரக்கில்லை. திருக்குறளில் 'மருந்து' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. பேர்தான் மருந்து, பாதிக்கு மேல் பேசுவது முன் சாப்பிட்டது செரித்ததா, அளவு என்ன என்பதைத்தான். ஜப்பானில் கைபாரா எக்கென் என்ற பெரியவர், எண்பது வயதைத் தாண்டியபின் 1713-ல் உடல்நலம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வயிறு முட்டும்முன் எழுந்துவிடு என்பது அதன் சாரம். பத்தில் எட்டு பங்கு போதும் என்பது அந்த ஊரில் இன்றைக்கும் புழங்குகிற வழக்கு.

இதையே ஒரு கிறுக்காக மாற்றியவர் அமெரிக்க வியாபாரி ஹோரஸ் பிளெட்சர். 1849-ல் பிறந்தவர். நாற்பதுகளில் குண்டாகி, இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசி தர மறுத்ததும் ரோஷம் வந்துவிட்டது. வாயில் போட்டதைத் தண்ணீராகும்வரை மென்றார். பாலையும் சூப்பையும்கூட மென்று குடிக்கச் சொன்னார்! எடை குறைந்தது. ஊர் ஊராகப் பிரசங்கமும் செய்தார். அவர் தத்துவத்தில் பாதி அபத்தம். ஆனால் மெதுவாகச் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்ற மீதிப் பாதி நிலைத்துவிட்டது. 2019-ல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிலையத்தில் 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரி உணவு, வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். பாக்கெட் உணவு நாட்களில் தினம் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்ல வேலை இல்லாத சாப்பாடு, மூளைக்குத் தகவல் போகும்முன் வயிற்றுக்குப் போய்விடுகிறது.

1979-ல் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் மன அழுத்தத்துக்காக ஆரம்பித்த பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. ஒரே ஒரு உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மென்று, பல நிமிஷம் எடுத்துச் சாப்பிட வேண்டும். கேட்கச் சிரிப்பு வரும். செய்து பாருங்கள். நாம் மிக்சரை எப்படி அள்ளிப் போடுகிறோம் என்பது அப்போது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சின்னத் தட்டு வைத்தால் மெலியலாம், பெரிய கிண்ணம் வைத்தால் குண்டாவோம் என்றெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதில் பலதும் வந்த கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியரின் ஆய்வுகளில் முறைகேடு என்று 2018-ல் பல்கலைக்கழகமே அறிவித்தது. பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தட்டை மாற்றினால் போதும் என்கிற குறுக்கு வழிகளை நம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில்

முதலில் நான் வாயை மூடினேன். மேஜையில் யாரையும் எண்ணுவதில்லை என்று முடிவு. டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம் சோறு. பாத்திரங்கள் அடுப்படியிலேயே இருக்கும், வேண்டுமானால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மிக்சர் டப்பா ஒளித்து வைக்கப்படவில்லை, வாங்குவது நின்றது. பாசம் காட்டச் சந்தேஷ் வாங்குவதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். அதற்குப் பதில் வேறொன்று கொடுக்க வேண்டியிருந்தது. நேரம்.

காலையில் ஆறு மணிக்கு ஏரிக்கு அவரோடு நானும் நடந்தேன். முதல் வாரம் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இருபது. ராத்திரி சாப்பிட்டபின் பிளாட் காம்பவுண்டுக்குள் கால் மணி நேரம். இதற்கும் ஆதாரம் உண்டு. அறுபது வயது கடந்த பத்துப் பேரை வைத்து 2013-ல் வெளியான சின்ன ஆய்வில், மூன்று வேளையும் சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடந்தது சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியது. சாப்பிட்டதும் நூறடி நட என்று பாட்டி சொன்னதுதான். மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் மட்டும் நடை நேரத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், சுகர் சட்டென்று இறங்கிவிடலாம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அப்பா தட்டில் கொஞ்சம் சோற்றை மிச்சம் வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. "என்னமோ, இன்னிக்குப் போதும்னு இருக்கு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மீட்டர் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

பெரிய அதிசயம் எல்லாம் இல்லை. மூன்று வருஷத்தில் நாலு கிலோ குறைந்து 65-ல் நிற்கிறார். பழைய 58 திரும்பி வரவில்லை, வரவும் வேண்டாம் என்றார் டாக்டர். மூன்று மாத சராசரி சுகர் 8.1-லிருந்து 6.9. மாத்திரை தொடர்கிறது. என் பேண்ட் இடுப்பும் இரண்டு அங்குலம் இறங்கியது.

நம்மில் நிறைய பேர் வீட்டில் இப்படி ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் கொல்லைக்கும் நாளெல்லாம் நடந்தவர்கள். நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அல்லது தனியாக இருக்க வேண்டாம் என்று, புனேயிலும் டெல்லியிலும் ஹைதராபாத்திலும் அடுக்குமாடி சோபாவில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். அவர்கள் சாப்பிடுவதை எண்ணாதீர்கள். பசிக்குது என்றால் நம்புங்கள். நம்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்பாவுக்கு இப்போது ஏரிக்கரையில் நாலு வங்காளி சிநேகிதர்கள். பாஷை எல்லாம் சைகைதான். வழியில் நடைபாதையை அடைத்துக்கொண்டு யாராவது நின்று பேசிக்கொண்டிருந்தால் அவர் சத்தமாகச் சொல்கிறார், சுத்தமான திருநெல்வேலித் தமிழில்: "முன்னாடி போங்க, முன்னாடி போங்க!"

அர்த்தம் புரியாவிட்டாலும் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.